குறைந்த ஆக்சிஜனில் தவளை: அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆய்வுக்கு வந்த மாணவி ஒருவர் போன வாரம் ஒரு வரைபடத்தை நீட்டினார். நீரில் ஆக்சிஜன் குறையக் குறைய, தவளை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் குறைகிறது. கீழே, ‘வளர்சிதை மாற்றம் பாதியாகக் குறைந்தது’ என்று எழுதியிருந்தார். பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி. நீர் நிரப்பி மூடிய பெட்டியில் தவளையை வைத்து, நீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று சென்சாரால் அளப்பதுதான் இந்த வேலை. சென்சாரைச் சரிபார்ப்பது, தவளை இல்லாத காலிப் பெட்டியை அளந்து கழிப்பது எல்லாம் எல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரவு குறைந்ததும் செலவும் குறைந்தது என்று முடிவுகட்டுவது

என் ஆறு வாரத்தைத் தின்ற தவறு இது. இன்றும் யாராவது செய்தால் எரிச்சல் வருகிறது. சென்சார் காட்டுவது ஆக்சிஜன் வரவை மட்டும்தான். வரவு குறையும்போது தவளைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆற்றல் செலவை, அதாவது வளர்சிதை மாற்றத்தை, உண்மையிலேயே சுருக்குவது. உறைந்த குளத்தின் அடியில், தோலால் மட்டுமே மூச்சுவிட்டு மாதக்கணக்கில் கிடக்கும் ரானா டெம்பொராரியா என்ற ஐரோப்பியத் தவளை இதைச் செய்கிறது. அதன் தசைச் செல்களில் அயனிக் கசிவு குறைகிறது, அதனால் கசிந்த அயனிகளை ஆற்றல் செலவழித்துத் திருப்பித் தள்ளும் சோடியம்-பொட்டாசியம் பம்புக்கும் வேலை குறைகிறது.

இன்னொன்று, கடன் வாங்குவது. உடலில் சேர்த்துவைத்த கிளைகோஜனை (குளுக்கோஸ் சேமிப்பை) ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் அலகுக்கு 30ஐ ஒட்டி ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும். இங்கே தேறுவது 3 மட்டும். கழிவாக லாக்டேட் குவியும், ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். வரைபடத்தில் இந்த இரண்டு தவளைகளுமே ஒரே மாதிரி தெரியும்.

பிரித்தறிய லாக்டேட்டை அளக்க வேண்டும், அல்லது கலோரிமீட்டர் என்ற வெப்பமானியில் உடல் வெளிவிடும் வெப்பத்தை. அதுவும் முடியாதென்றால், ஆக்சிஜன் திரும்பிய பிறகு தவளை எவ்வளவு இழுக்கிறது என்றாவது பார்க்க வேண்டும். வழக்கத்தைவிடக் கூடுதலாக இழுத்தால் கடனை அடைக்கிறது என்று சந்தேகிக்கலாம். நானோ ஆக்சிஜன் குறைந்த கட்டம் முடிந்ததுமே தவளையை எடுத்துத் தொட்டியில் விட்டுவிட்டு, அடுத்ததைப் பெட்டியில் வைத்தேன். தொட்டியில் விட்ட ஒன்றின் தொண்டை நிற்காமல் துடித்ததைக் கண்ணால் பார்த்தேன். குறிப்பேட்டில் எழுதவில்லை. அத்தனை தவளைகளையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று.

வெப்பநிலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

10 டிகிரி குளிர்ந்தாலே செலவு பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ ஆகிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் சில தவளைகளும் தேரைகளும் தாமாகவே குளிர்ந்த இடம் தேடிப் போகும். பெட்டியின் ஒரு மூலை குளிர்ச்சியாக இருந்தால் போதும், உங்கள் எண்கள் கலங்கிவிடும்.

காற்றுக் குமிழி

பெட்டிக்குள் ஒன்றுகூடக் கூடாது. அதிலிருந்து ஆக்சிஜன் நீரில் கரைந்து, தவளை எடுத்ததை மறைத்துவிடும். ஒரு மில்லிலிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தர 20 மில்லிலிட்டருக்கு மேல் குளிர்ந்த நீர் வேண்டும்.

நீரைக் கிளறாமல் விடுவது

தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில்தான் ஆக்சிஜன் முதலில் தீரும். 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரித் தவளை, ஆக்சிஜன் குறைந்தால் உடம்பை மேலும் கீழும் அசைத்துத் தன் தொளதொளத்த தோல் மடிப்புகளை நீரில் ஆட்டும். நம் பெட்டியில் அசையாமல் கிடக்கும் தவளைக்கு அந்த வேலையை நாம்தான் செய்து தர வேண்டும்.