விஷ்ணுகிராந்தி: தேடும்போதும் வளர்க்கும்போதும் செய்யும் தவறுகள்

விஷ்ணுகிராந்தி என்ற மூலிகைச் செடியைக் காணோம் என்று சொல்பவர்களில் பலர் போன நேரம்தான் தப்பு. காலையில் விரியும் நீலப் பூ, வெயில் ஏறி உச்சிப்பொழுது தாண்டியதும் சுருங்கிவிடும். அதன்பிறகு தரையோடு படர்ந்த சாம்பல் பூத்த தண்டுகள்தான் மிச்சம். மிதித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவோம். மழை பெய்து ஓய்ந்த பிறகு, உடைமரக் காட்டின் இடைவெளிகளிலும் மணற்பாங்கான மேய்ச்சல் புறம்போக்கிலும் காலையிலேயே பாருங்கள்.

அடுத்தது ஆள்மாறாட்டம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நர்சரியில் இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பிரேசில் பக்கத்து அலங்காரச் செடி, எவால்வுலஸ் குளோமெரேட்டஸ். அதன் பூ பெரிது. நம்முடையது எவால்வுலஸ் ஆல்சினாய்டிஸ். பூ சட்டைப் பொத்தான் அளவுதான். சங்குப்பூவுக்கும் வடமொழியில் இதே பெயர் உண்டு என்பதால் இணையத்தில் சங்குப்பூ படத்தைப் போட்டு விஷ்ணுகிராந்தியின் குணத்தை எழுதுகிறார்கள். புல்வெளியில் வட்ட இலையும் வெள்ளைப் பூவுமாக, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்வது அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு எவால்வுலஸ். வெள்ளைப் பூவை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. நம் செடியிலேயே அபூர்வமாக வெள்ளை வரும்.

பூவைக் கிள்ளாமல் குனிந்து பாருங்கள். இலையிலும் தண்டிலும் பட்டுப்போன்ற நுண்மயிர். இலைக்கக்கத்திலிருந்து நூல்போல ஒரு காம்பு, அதன் நுனியில் பூ. லென்ஸ் இருந்தால் நடுவே சூல்தண்டை, அதாவது சூல்பையிலிருந்து எழும் மெல்லிய தண்டைப் பாருங்கள்: இரண்டு இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து நான்கு இழையாகத் தெரியும். இதே குடும்பத்துக் கான்வால்வுலஸ் என்ற பேரினத்துச் செடிகளில் சூல்தண்டு ஒன்றே. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயசே 1753இல் இதைக் கான்வால்வுலஸில் சேர்த்துவிட்டு, 1762இல்தான் எவால்வுலஸுக்கு மாற்றினார்.

சித்த மருத்துவத்தில் இதைச் சமூலமாக, அதாவது வேரோடு சேர்த்தே எடுப்பார்கள். அதனால் பூத்திருக்கும்போதே பிடுங்குகிறார்கள். விதை விழ வாய்ப்பே இல்லை. மழைக்குப் பின் புதுத் தண்டு விடும் கட்டைவேரும் போய்விடுகிறது. காய்ச்சலுக்கு வைத்தியரைக் கேட்காமல் நீங்களே கஷாயம் போட்டுக் குடித்துவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தனிக் கிறுக்குத்தனம்.

'சும்மா கிடக்கிற நிலம்' என்று இந்தப் புதர்க்காட்டில் வரிசையாக மரக்கன்று நடுவதையும் தவறுப் பட்டியலில்தான் வைப்பேன். நல்ல எண்ணம்தான். ஆனால் நிழல் மூடிய இடத்தில் வெயில் தேடும் இந்தச் செடி நிற்காது.

வீட்டில் வளர்க்க ஆசையா? காட்டுச் செடியைப் பெயர்த்து மண்புழு உரத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். பழுத்துக் காய்ந்த காய்களில் கொஞ்சம் மட்டும் எடுங்கள். ஒன்றில் அதிகபட்சம் நான்கு விதை. தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாக உரசி, மணல் கூடுதலாகக் கலந்த செம்மண்ணில் தூவுங்கள். முழு வெயில் வேண்டும். முளைத்து வேர் பிடித்தபின் மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர், உரம் தேவையில்லை.