பாதரச மாசு: ஆய்வு முடிவை அரசாணை வரை கொண்டுசெல்வது எப்படி

2001 மார்ச் மாதம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உள்ள காயலான் கடை ஒன்றில், உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி சாக்குமூட்டைகளில் குவிந்து கிடப்பதை ஊர்மக்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். பாதரசம் ஒட்டிய அந்தக் கழிவு 7.4 டன் இருந்தது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை அந்த மாதமே மூடப்பட்டது; 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆலையை மூடச் சில நாட்களே பிடித்தன. அதன் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கேள்வியோ பல ஆண்டுகள் நீண்டது. மூட்டையைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்பது ஆய்வகமும் அரசும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். ஆய்வு மாணவர்களும் ஊர்க்குழுக்களும் அந்தப் பேச்சில் தங்கள் எண்களோடு எப்படிப் பங்கேற்பது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் செய்ய வேண்டியது மாதிரி எடுப்பது அன்று. உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு யார் என்ன முடிவெடுக்க முடியும் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. பாதரசத்தைப் பொறுத்தவரை இதற்கான விடையைப் பெரும்பாலும் வேதியியலே சொல்லிவிடும். தனிம ஆவியாகக் காற்றில் கலக்கும் பாதரசம் பல மாதங்கள் மிதந்து கண்டங்களைக் கடக்கிறது. ஆகவே அதைக் கட்டுப்படுத்துவது நாடுகளுக்கிடையேயான உடன்படிக்கையின் வேலை. ஆக்சிஜனேற்றம் அடைந்த பாதரசம் புகைபோக்கிக்கு அருகிலேயே மழையோடு இறங்கிவிடுவதால், அதைப் பற்றிய எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேசைக்குப் போக வேண்டும். ஏரிச் சேற்றிலும் சதுப்பிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில்பாதரசம் என்ற கரிம வடிவமாக மாற்றிய பிறகு அது மீனில் சேர்கிறது. அப்போது பேச வேண்டிய இடம் உணவுப் பாதுகாப்புத் துறையும் மீன்வளத் துறையும். மண்ணில் தங்கிய பாதரசத்துக்கு, ஆலைத் தளத்தின் தூய்மைப்படுத்தும் அளவை நிர்ணயிக்கும் குழுவும் பசுமைத் தீர்ப்பாயமும் இருக்கின்றன. எண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தவறான மேசைக்குப் போனால், “எங்கள் வரம்பில் இல்லை” என்ற ஒருவரிக் கடிதமே பதிலாக வரும்.

அடுத்தது, எதை அளப்பது என்பது. இதில் நிகழும் பிழை பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிராகவே திரும்பும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தலைமுடியில் தெரிவது பெரும்பாலும் மீன் வழியாக வந்த மெத்தில்பாதரசம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதைத் துண்டு துண்டாக வெட்டி அளந்தால் எந்த மாதத்தில் எவ்வளவு உடலில் சேர்ந்தது என்றுகூடக் காட்டலாம். ஆனால் ஆலைக்குள் ஆவியைச் சுவாசித்த தொழிலாளியின் நிலையை அறியச் சிறுநீரைத்தான் அளக்க வேண்டும். அதிலும், உடலில் உள்ள பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆவதால், வேலையை விட்டுச் சில ஆண்டுகள் கழித்து எடுத்த மாதிரியில் எதுவும் இல்லாமல் போவது எதிர்பார்க்க வேண்டியதே. அந்த வெற்று முடிவை வைத்துக்கொண்டு “பாதிப்பே இல்லை” என்று அறிக்கை எழுதுவது அறிவியல் ஆகாது. அத்தகைய நிலையில் வேலைப் பதிவேடு, பணியிடத்தின் பழைய காற்று அளவீடுகள், நரம்பியல் பரிசோதனை ஆகியவற்றையே சான்றாக நாட வேண்டும். கூடவே, சிறுநீர்ச் சோதனை ஏன் பொருந்தாது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஒப்பீடு இல்லாத எண்ணுக்கு வாதத்தில் வலு இல்லை. கொடைக்கானலில் ஹைதராபாத் அணுசக்தித் துறை ஆய்வகம் ஒன்றின் ஆய்வாளர்கள் மரங்களில் படர்ந்த பாசியையும் லைக்கனையும் சேகரித்து அளந்தார்கள். லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதையே அது உண்டு வளர்கிறது. ஆகவே காற்றில் வந்த பாதரசத்துக்கு அது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி. கொடை ஏரிக்கரையில் எடுத்தவற்றில், தொலைவில் உள்ள பேரிஜம் ஏரிப் பக்கம் எடுத்தவற்றைவிடப் பல மடங்கு பாதரசம் இருந்தது. அந்த ஆய்வின் பலம் பேரிஜத்தில்தான் இருக்கிறது என்பேன். “மலையில் இயற்கையாகவே இவ்வளவு இருக்கும்” என்று எதிர்த்தரப்பு எழுப்பக்கூடிய வாதத்துக்கு, அதே மலையில் உள்ள இன்னோர் ஏரி முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. நீங்களும் மாதிரி எடுக்கத் திட்டமிடும்போதே உங்கள் பேரிஜம் எது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத் தாளை வாங்கியதும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். மொத்தப் பாதரசமா, மெத்தில்பாதரசமா? ஈர எடைக்கா, உலர் எடைக்கா? மீனில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான் என்பதால் உலர் எடைக் கணக்கு நான்கைந்து மடங்கு பெரிதாகத் தெரியும். அதை ஈர எடைக்கான சட்ட வரம்போடு ஒப்பிட்டால் உங்கள் நம்பகத்தன்மை ஒரே கூட்டத்தில் போய்விடும். மூன்றாவதாக, “கண்டறியப்படவில்லை” என்று எழுதியிருந்தால், கருவி எந்த அளவுக்குக் கீழே காணாது என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி, ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது என்ன செய்வது? ஃபாரோ தீவுகளில் 1986–87-இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பிலிப் கிராஞ்சான் குழு, தாயின் உடலில் இருந்த மெத்தில்பாதரசம் பிள்ளைகளின் நினைவாற்றல், கவனம், மொழித்திறன் ஆகியவற்றில் குறைவை ஏற்படுத்தியதாக 1997-இல் அறிவித்தது. செஷல்ஸ் தீவுகளில் நடந்த ஆய்வில் அப்படிப்பட்ட தெளிவான பாதிப்பு தென்படவில்லை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2000-இல் இரண்டையும் அலசி ஃபாரோ ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பு சரியே என்றது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு 2003-இல் இரு ஆய்வுகளின் சராசரியை எடுத்து, உடல் எடை கிலோவுக்கு வாரத்துக்கு 3.3 மைக்ரோகிராமாக இருந்த வரம்பை 1.6 ஆகக் குறைத்தது. ஒரே ஆய்வுகள்தாம், ஆனால் ஒரு குழுவின் கணக்கில் வாரத்துக்கு 0.7, இன்னொன்றின் கணக்கில் 1.6. இந்த வேறுபாட்டை மறைக்காதீர்கள். எந்த வரம்பை ஏன் எடுத்தோம் என்பதை நீங்களே எழுதினால் அது உங்கள் தேர்வு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துக்காட்டினால் அது உங்கள் ஓட்டை.

அதிகாரிக்கு இதைச் சொல்லும்போது சமையலறை அளவுக்கு இறக்கிச் சொல்ல வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 1.6 என்ற வரம்பின்படி வாரத்துக்கு 96 மைக்ரோகிராம் அனுமதி. ஒரு கிலோ மீனில் 0.5 மில்லிகிராம் மெத்தில்பாதரசம் இருந்தால், 192 கிராம் மீனிலேயே அந்த அனுமதி தீர்ந்துவிடும். கடுமையான வரம்பை எடுத்தால் 84 கிராம், அதாவது குழம்பில் கிடக்கும் ஒரு துண்டு. இந்த இரண்டு வரிகள் முப்பது பக்க அட்டவணையைவிட வேகமாக வேலை செய்யும். கூடவே, மத்தியும் நெத்திலியும் போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு, சுறா போன்ற பெரிய மீன்களில்தான் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் “மீனே வேண்டாம்” என்று செய்தி பரவி, முதலில் அடிபடுவது மீனவர்களாக இருக்கும்.

பணக் கணக்கைப் பிறர் கையில் விட்டுவிடக் கூடாது. அமெரிக்க அனல்மின் நிலையங்களுக்கான பாதரச விதியின் செலவு ஆண்டுக்கு 960 கோடி டாலர் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டது. பாதரசம் குறைவதால் மட்டும் நேரடியாகக் கிடைக்கும் பலன் என்று காட்டியதோ 40 முதல் 60 லட்சம் டாலர். பொழுதுபோக்காக நன்னீர் மீன் பிடிப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஏற்படும் அறிவுத்திறன் இழப்பை மட்டுமே பணமாக மாற்ற முடிந்ததால் வந்த சிறு எண் அது. நுண்துகள் குறைவதால் வரும் பலன் செலவைவிடப் பல மடங்கு என்றாலும், அந்தச் சிறு எண்ணே வழக்கில் ஆயுதமாகியது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விதி தேவையா என்று முடிவெடுக்கும்போதே செலவையும் பார்த்திருக்க வேண்டும் என்று முகமைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகவே பணமாக்க முடியாத பாதிப்புகளை “கணக்கில் இல்லை” என்று ஒற்றை வரியில் முடிக்காமல், அவை எவை, யாருக்கு, ஏன் எண்ணாக வரவில்லை என்று தனிப் பத்தியாகவே எழுதுங்கள்.

காலமும் முக்கியம். ஜப்பானின் மினமாட்டாவில், வேதியியல் ஆலை ஒன்றின் பாதரசக் கழிவு மீன் வழியாக மக்களுக்குக் கொண்டுவந்த நோய் 1956 மே மாதத்தில் பதிவானது; 1959-இல் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு கரிமப் பாதரசத்தைக் காரணமாகச் சுட்டியது; ஆலையின் கழிவை உண்ட பூனைக்கு அதே நோய் வந்ததை ஆலை மருத்துவமனையின் ஹோசோகாவாவும் அவ்வாண்டே கண்டார், ஆனால் அந்த முடிவு வெளியே விடப்படவில்லை. அரசு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். முழுச் சான்று வரும் வரை காத்திருங்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, இடைக்கால நடவடிக்கையாக என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தாளில் கொடுங்கள்.

இந்தியாவில் நுழைவாயில்கள் தெளிவாகவே உள்ளன. சுற்றுச்சூழல் விதிகளின் வரைவு அறிவிக்கை அரசிதழில் வந்தால், கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாட்கள் கிடைக்கும். அனல்மின் நிலையங்களுக்கு ஒரு கனமீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம் என்ற பாதரச வரம்பு 2015 டிசம்பர் 7 அன்று வந்த அறிவிக்கையில் உள்ளது. அந்த வரம்பு உங்கள் ஊர் நிலையத்தில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கந்தக டை ஆக்சைடுக்கான விதி தளர்த்தப்படும்போதும் கவனமாக இருங்கள். கந்தகத்தைப் பிடிக்கும் ஈரக் கருவியே ஆக்சிஜனேற்றம் அடைந்த பாதரசத்தையும் பிடிக்கிறது, அது இல்லாவிட்டால் இதுவும் தப்பிவிடும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 ஜூனில் உறுதிசெய்ததால், பாதரசத் தெர்மாமீட்டர், சருமப் பூச்சு போன்ற பொருட்களைப் பற்றி மனு எழுதும்போது உள்நாட்டு விதியோடு அந்தக் கடமையையும் சேர்த்துக் குறிப்பிடலாம்.

ஆணை கிடைத்த பிறகும் அளவீடு தொடர வேண்டும். கொடைக்கானல் ஆலை மண்ணுக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று அளவு வகுக்கப்பட்டது. கீழே பாம்பார் சோலை இருப்பதால் அது போதாது என்பது இயக்கங்களின் வாதம். வகுத்த அளவு எட்டப்பட்டதா என்பதை அறிய வேண்டுமானால், தொடக்கத்தில் எடுத்த அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் மீண்டும் எடுக்க வேண்டும். அதனால் முதல் முறை சேகரித்தவற்றில் ஒரு பங்கைச் சோதனைக்கு அனுப்பாமல் வைத்திருங்கள்: மீனை உறைநிலையில், லைக்கனை உலர்த்திக் காகித உறையில், உறைமேல் தேதி, இடம், உயரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி. மை ஈரத்தில் கரைந்துவிடும்.