காட்பாடியிலிருந்து லோக்கலில் சென்னைக்குப் போவது எப்படி

எக்ஸ்பிரஸில் கால் வைக்க இடமில்லாத நாளில் கவலைப்படாதீர்கள், காட்பாடியில் மெமு என்கிற குறுந்தூர மின்சார ரயிலோ பாசஞ்சரோ பிடித்து அரக்கோணம் வந்துவிட்டால் அங்கிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில் இருக்கிறது, சுமார் 70 கிலோமீட்டர். சாதாரண டிக்கெட்டை காட்பாடியிலேயே சென்னை வரை எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறக்கூடாது, அபராதம் விழும்.

அரக்கோணத்தில், திருத்தணியிலிருந்து வரும் வண்டியை விட்டுவிட்டு அங்கேயே புறப்படும் வண்டியில் ஏறுவதுதான் நல்லது, உட்கார இடம் கிடைக்கும். காலை நேரத்தில் திருவள்ளூர் வந்ததும் பெட்டி நிறைந்துவிடும், ஆவடிக்கு அப்புறம் வாசல் பக்கம் நகரவே முடியாது. அதனால் இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாடியே எழுந்து வாசலை நோக்கி நகருங்கள், ஆனால் படியில் மட்டும் தொங்காதீர்கள், தயவுசெய்து.

ஏறும்முன் வண்டியின் முகப்பில் இருக்கும் பெயரைப் பாருங்கள். பீச் (சென்னை கடற்கரை ஸ்டேஷன்) போகும் வண்டி சென்ட்ரல் போகாது, வியாசர்பாடி ஜீவா தாண்டி ராயபுரம் பக்கம் திரும்பிவிடும். சென்ட்ரல் போகிறவர்கள் பெரம்பூரிலேயே இறங்கி மாறுங்கள். ஃபாஸ்ட் லோக்கல் என்றால் கொரட்டூர், பட்டரவாக்கம் மாதிரி சின்ன ஸ்டேஷன்களில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல் லோக்கல்கள் சென்ட்ரலை ஒட்டியிருக்கும் மூர் மார்க்கெட் வளாகத்தில் நிற்கும். கிண்டி, தாம்பரம் போக வேண்டுமென்றால் சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன்.