கினபத்தாங்கான் ஆற்றில் படகேறுவோர் கவனத்திற்கு

மலேசியாவின் சபா மாநிலத்தில் 560 கிலோமீட்டர் நீளம் ஓடும் கினபத்தாங்கான் ஆற்றின் மழைக்காட்டை ஒரே நாளில் பார்க்க விரும்புவோர், சண்டக்கானிலிருந்து புறப்பட்டு, காலை 10 மணிக்கு உணவூட்டும் நேரத்தில் செப்பிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்தைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் சுக்காவ் கிராமத்தை அடைவது நல்லது. நண்பகல் வெயிலில் விலங்குகள் மரநிழலுக்குள் ஒதுங்கிவிடுவதால், அந்த நேரத்துப் படகுப் பயணத்தில் பெரும்பாலும் இலைகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மாறாக, போர்னியோவில் மட்டுமே வாழும் நீள்மூக்குக் குரங்குகள் இரவில் உறங்குவதற்காக மாலையில் ஆற்றோர மரங்களுக்குக் கூட்டமாக வந்து சேரும். ஆகவே நான்கு மணியளவில் புறப்படும் படகையே தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போது, அகன்ற ஆற்றோடு நின்றுவிடாமல் மெனாங்குல் போன்ற குறுகிய கிளையாற்றுக்குள்ளும் படகு செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கு இரு கரையும் அருகிலேயே இருக்கும்.

சுற்றிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பெருகி, காடு ஆற்றையொட்டிய பட்டையாகச் சுருங்கிவிட்டதும் இங்கு விலங்குகள் எளிதில் கண்ணில் படுவதற்கு ஒரு காரணம் என்பது வருத்தத்திற்குரிய செய்தி. யானைக் கூட்டம் இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால், அதைக் காட்டுவதாக உறுதி கூறும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். இருவாச்சிப் பறவைகளை உயரமான மரங்களில் தேட வேண்டியிருப்பதால் தொலைநோக்கி அவசியம். பெரும்பாலான படகுகளுக்குக் கூரை இல்லாததால், மழைச்சட்டையும் கேமராவுக்கு நீர்புகாத பையும் எடுத்துச் செல்லுங்கள்.