ஊசி குத்திவிட்டால்: எச்ஐவி வார்டுத் தாதியருக்கு

உடனே கையுறையைக் கழற்றி, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், திசுதான் சேதமாகும். மேற்பார்வையாளரிடம் அப்போதே சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து: தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டினால் நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

பயம் இரவில்தான் பெருகும். மருந்தே எடுக்காவிட்டாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடுதான். இறுதிப் பரிசோதனை வரை ஆணுறை அவசியம், ரத்ததானம் கூடாது. சமைக்கலாம், பிள்ளையைத் தாராளமாகக் கொஞ்சலாம்.

வீட்டில் உங்கள் அச்சத்தைச் சொல்லுங்கள். நோயாளி யார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள், சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம். தூக்கம் கெட்டால் சிங்கப்பூரின் மனநல உதவி எண்ணான 1771-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.