செட்டுக்குள் சண்டை: பெற்றோர் எங்கே கை வைப்பது?

கூட்டமாகச் சைக்கிளில் ட்யூஷன் போய் வந்த பிள்ளை, ஒரு வாரமாகத் தனியாக வருகிறதா? மார்க்கை விசாரிக்கும் முன் செட்டை விசாரியுங்கள். "என்ன சண்டை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "மத்தியானம் யார் யார் சேர்ந்து சாப்பிட்டீங்க? பருத்திப்பால் குடிக்க யார் கூப்பிட்டது? அந்த போட்டோவை குரூப்பில் யார் போட்டது?" என்று ஆளையும் இடத்தையும் கேளுங்கள். நாலைந்து நாளில் படம் தெளிந்துவிடும்.

ஃபின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி குழுவினர் 12, 13 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 1996இல் ஆறு பங்குகளைப் பிரித்தார்கள்: சீண்டுபவர், அவருக்குக் கையாள், சிரித்து ஏற்றிவிடுபவர், தடுப்பவர், ஒதுங்கி நிற்பவர், சீண்டப்படுபவர். நம்மூர்ச் செட்டுக்கு ஏழாவதாகக் கோர்த்து விடுபவரையும் சேர்க்க வேண்டும். இங்கே கேட்டதைக் கொஞ்சம் கூட்டி அங்கே சொல்கிற ஆள். வீட்டுக்கு வந்தால் "ஆன்ட்டி, நான் சமாதானம் பண்ணத்தான் பார்த்தேன்" என்பதும் அநேகமாக இவர்தான். உங்கள் பிள்ளை எப்போதும் சீண்டப்படுபவர் என்று முடிவு கட்டாதீர்கள். பள்ளியில் அடங்கிப் போகிற பையனே ட்யூஷன் செட்டில் பட்டப்பேர் வைக்கிறவனாக இருப்பான்.

எல்லோரும் நேராகச் செட்டின் தலையைத்தான் பிடிக்கிறார்கள். அவன் கெத்து சுற்றி நிற்பவர்களின் சிரிப்பில் இருக்கிறது. நாலு பேர் முன்னால் திட்டினால் அது ஏறத்தான் செய்யும். கனடாவில் தொடக்கப் பள்ளி மைதானங்களில் படம்பிடித்துப் பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், சக பிள்ளை ஒருவர் குறுக்கே வந்தபோது 57 சதவீதம் தடவை 10 விநாடிக்குள் சீண்டல் நின்றது. ஆகவே சிரிக்காமலும் தடுக்காமலும் நிற்கிற அந்த ஒரு ஆளைத் தேடுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒரு துணை போதும். அந்தத் துணை வாதாட வேண்டாம், "விடுடா, போதும். நீ வா, பஸ்சுக்கு நேரமாச்சு" என்று கூட்டிக்கொண்டு நகர்ந்தால் சரி.

நேரில் பேசுவதென்றால்:

1. அன்று இரவே வேண்டாம். சூடு ஆற இரண்டு நாள் விடுங்கள்.
2. இருவர் மட்டும். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசினால் முகம் பார்க்கும் சங்கடம் குறையும்.
3. ஒரே சம்பவம், நடந்தது, வலித்தது, இனி வேண்டியது. "வெள்ளிக்கிழமை என் மார்க்கை குரூப்பில் போட்டது அசிங்கமா இருந்துச்சு. இனிமே கேட்டுட்டுப் போடு." "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும்.
4. வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோர்த்து விடுபவரிடம் போய்ச் சேரும்.

கெடுவது பெரும்பாலும் நம்மால்தான். முதல் நாளே அந்த வீட்டு அம்மாவுக்கு போன் போட்டால், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடுவார்கள், இரண்டு வீடும் கல்யாணப் பந்தியில்கூட முகம் கொடுக்காது. போனைப் பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

அடி, காசு பறிப்பு, போட்டோவை வைத்து மிரட்டல், சாதிப் பேர் சொல்லி ஏசுதல்: இவை நண்பர்கள் சண்டையில் சேராது. தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும், சாதியைக் காட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே செட்டு பிரிவதுண்டு; பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லத் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை அதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. இங்கே சமாதானப் பேச்சுக்கு உட்காராதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துவிட்டுக் குரூப்பைவிட்டு வெளியேறச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் உடனே மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.