ஊகம் தப்பினால் கணக்கே காட்டிக்கொடுக்கும்: மறையெழுத்தை உடைப்பது எப்படி?

ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறொன்றைப் போட்டுச் செய்தியை மறைப்பதுதான் மறையெழுத்து; எதற்குப் பதில் எது என்ற பட்டியல் அதன் சாவி. 26 ஆங்கில எழுத்துகளையும் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டால் கிடைக்கும் சாவிகளின் எண்ணிக்கை, 4-க்குப் பின் 26 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது. ஆனால் எழுத்தின் முகம் மாறினாலும் அது எத்தனை முறை வருகிறது என்பது மாறாது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, அப்படி எண்ணிப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் வழியை எழுதிவைத்திருக்கிறார்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, பெருக்கிக் கூட்டும் வகை. ஏ = 0, பி = 1 என்று தொடங்கி இசட் = 25 வரை எண் கொடுங்கள். அந்த எண்ணை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, ஒரு கூட்டெண்ணைக் கூட்டி, 26-ஆல் வகுத்த மீதிதான் மறையெழுத்து.

படி 1: எண்ணுங்கள். சில நூறு எழுத்துகளாவது வேண்டும். சிறிய செய்தி ஏமாற்றிவிடும். நம் மறைத்த செய்தியில் 2 என்ற எண் அதிகம், அடுத்து 8, பிறகு 25 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஆங்கிலத்தில் ‘இ’ சுமார் 12.7%, ‘டி’ (T) 9%, ‘ஏ’ 8%.

படி 2: ஊகியுங்கள். 2 என்பது இ (4), 8 என்பது டி (19) என்போம்.

4 × பெருக்கெண் + கூட்டெண் = 2
19 × பெருக்கெண் + கூட்டெண் = 8

கழித்தால் 15 × பெருக்கெண் = 6 (எல்லாமே 26-ஆல் வகுத்த மீதிக் கணக்கு). இங்கே 15-ஆல் வகுக்க முடியாது. பதிலாக 7-ஆல் பெருக்க வேண்டும். ஏனென்றால் 15 × 7 = 105, அதை 26-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக 6 × 7 = 42, மீதி 16; அதுதான் பெருக்கெண்.

இங்கே நில்லுங்கள். 16 இரட்டைப்படை. 13 × 16 = 208, அது 26-இன் மடங்கு. அதனால் 0-உம் 13-உம், அதாவது ‘ஏ’யும் ‘என்’னும், ஒரே எழுத்தாகிவிடும். அப்படிப் பூட்டியதைத் திறக்கவே முடியாது. எனவே ஊகம் தவறு. ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமலே இது தெரிந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது.

படி 3: மாற்றி ஊகியுங்கள். 25-ஐ ‘டி’ ஆக்குங்கள். 15 × பெருக்கெண் = 23. 23 × 7 = 161, மீதி 5; அதுதான் பெருக்கெண். கூட்டெண் 2 − 20 = −18; 26 கூட்டினால் 8. அப்படியானால் ‘ஏ’ 8 ஆகிறது. எண்ணிக்கையில் முன்வரிசையில் நின்ற அதே 8!

படி 4: திறவுங்கள். ஒவ்வோர் எண்ணிலும் 8-ஐக் கழித்து, 21-ஆல் பெருக்கி, மீதி எடுங்கள் (5 × 21 = 105, மீதி 1). 25-க்கு: 17 × 21 = 357, மீதி 19, அதாவது ‘டி’.

சூத்திரமே இல்லாமல் கலைத்துப் போட்ட மறையெழுத்து என்றால் சமன்பாடு உதவாது. அங்கே இரட்டை இரட்டையாக எண்ணுங்கள்; ஆங்கிலத்தில் ‘டி’யை அடுத்து ‘எச்’ வரும் இணைதான் மிக அதிகம்.